போஸ்டிங் ஆர்டர் வந்தாச்சு, காரை என்ன செய்வது? மாநிலம் விட்டு மாநிலம் மாறும் படைவீரர் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

ஆவடி, தாம்பரம், அரக்கோணம், சூலூர், வெலிங்டன் என்று எங்கே குடியிருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டியதுதான். பாத்திரம் பண்டம், பிள்ளைகளின் டி.சி., கேஸ் இணைப்பு இவற்றையெல்லாம் எப்படி மாற்றுவது என்று யூனிட்டில் நாலு பேர் சொல்லித் தந்துவிடுவார்கள். கார் விஷயத்தில் மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் "என்.ஓ.சி. (ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபமின்மைச் சான்று) வாங்காமல் கிளம்பாதே" என்பார், இன்னொருவர் "ஆர்மிக்காரனை யார் கேட்கப் போகிறார்கள்" என்பார். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் முதலில் லாரி தேடுகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது நம்பர் பிளேட். சென்னையிலிருந்து பதான்கோட்டுக்குக் கார் இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பதிவுக் காகிதம் தவறான நேரத்தில் தவறான ஆர்.டி.ஓ. பெயருக்கு மாறிவிட்டால், அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த போஸ்டிங்கே வந்துவிடும்.

காரைக் கொண்டுபோகத்தான் வேண்டுமா?

மூவ்மென்ட் ஆர்டரை, அதாவது இடமாற்றப் பயண உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் போஸ்டிங்கா, தனியாகப் போகும் ஃபீல்டு போஸ்டிங்கா என்பது. ஃபீல்டு என்றால் குடும்பம் பழைய குவார்ட்டர்ஸிலோ சொந்த ஊரிலோதான் இருக்கும், காரும் அவர்களோடு இருக்கட்டும். தமிழ்நாட்டை விட்டு வண்டி நகரவில்லை என்றால் பதிவு, வரி எதிலும் கை வைக்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை யாராவது இருபது நிமிடம் ஓட்டினால் போதும், இன்சூரன்ஸ் மட்டும் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.

இரண்டாவது, வண்டியின் வயது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. அதன் பிறகு இந்த வழக்கில் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆகவே கிளம்பும் மாதத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது இன்னொன்று: தலைநகர்ப் பகுதி என்பது டெல்லி கண்டோன்மென்ட் மட்டும் இல்லை. குருகிராம், ஹிண்டன் விமானப்படைத் தளம் இருக்கும் காஜியாபாத், மீரட் எல்லாம் அதற்குள் வருகின்றன. பழைய டீசல் வண்டியை மீரட் வரை அனுப்பிவிட்டு, அங்கே பதிவு செய்ய முடியாமல் நிற்பதைவிட இங்கேயே விற்றுவிடுவது மேல்.

மூன்றாவது, கணக்கு. போக்குவரத்துச் செலவு, புதிய மாநிலத்தின் சாலை வரி, மூன்று ஆண்டில் திரும்ப வரும்போது மறுபடியும் இதே இரண்டு செலவு. இந்த நான்கையும் கூட்டி, காரின் இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை விலையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவதே எங்கள் பரிந்துரை. பத்து வயது தாண்டிய சின்னக் கார்களில் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு வரும்.

நம்பர் பிளேட்: மூன்று வழி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47 சொல்வது இதுதான்: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படைவீரர் என்பதால் இந்தச் சட்டம் தானாக விலகிக்கொள்ளாது. வழியில் நிறுத்தும் போலீசார் அடையாள அட்டையைப் பார்த்து விட்டுவிடலாம். ஆனால் 12 மாதம் கடந்த பிறகு வரி கட்டாத வண்டி என்று பிடித்தால் அபராதம் பெரிதாக வரும்.

ஆக, ஓர் ஆண்டுக்குள் முடியும் கோர்ஸ், தற்காலிக இணைப்பு போன்றவற்றுக்கு தமிழ்நாடு நம்பரோடு அப்படியே போய் வரலாம். வண்டி எப்போது மாநிலம் மாறியது என்பதற்கான சான்று மட்டும் டேஷ்போர்டில் இருக்கட்டும். மூவ்மென்ட் ஆர்டரின் நகல், லாரி ரசீது அல்லது டோல் பணம் கழிந்த விவரப் பட்டியல், இவை போதும்.

ஓர் ஆண்டுக்கு மேல் என்றால் என்.ஓ.சி. வாங்கி அங்கே மறுபதிவு, அல்லது பி.எச். பதிவு.

பி.எச். என்ற பாரத் வரிசை 2021 செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. இடமாற்றம் உள்ள அரசு ஊழியர்களுக்கும், முக்கியமாகப் படையினருக்கும் கொண்டுவந்தது. இந்த எண் இருந்தால் மாநிலம் மாறும்போது மறுபதிவே தேவையில்லை. படையினர் தங்கள் அலுவல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், தனியார் ஊழியர்கள் தரும் படிவம் 60 இவர்களுக்கு வேண்டாம். ஆயுள் வரி மொத்தமாகக் கட்டாமல் இரண்டு ஆண்டு, அல்லது நான்கு, ஆறு என்று இரண்டின் மடங்குகளில் கட்டலாம். விகிதம், காரின் விலை 10 லட்சத்துக்குள் என்றால் 8 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. இந்தச் சதவீதத்தை முழுதாக ஒரே தடவையில் கட்டுவதில்லை, அதன் இரண்டாண்டுப் பங்கைத்தான் கட்டுகிறீர்கள். 14 ஆண்டு முடிந்தபின் ஆண்டுதோறும், அதுவரை கட்டிய அளவில் பாதி.

2022 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏற்கெனவே மாநில எண்ணில் ஓடும் வண்டியையும் பி.எச்.-க்கு மாற்றலாம். சர்வீஸ் இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது, கார் வாங்கி மூன்று நான்கு ஆண்டுதான் ஆகிறது என்றால், போஸ்டிங் வருவதற்கு முன்பே, வசதியாக ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஓய்வு பெற ஒரே போஸ்டிங்தான் பாக்கி என்றால் இந்த அலைச்சல் வேண்டாம். இன்னொரு கவனம்: இரண்டாண்டு வரி முடியும் தேதியை மறந்துவிட்டால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். கணவர் எல்லையில் இருக்கும்போது அந்தத் தேதி வரலாம். ஆகவே பதிவில் கொடுக்கும் கைபேசி எண், எப்போதும் ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

என்.ஓ.சி. எடுப்பது: வரிசை மாறினால் சிக்கல்

படிவம் 28 என்பதுதான் என்.ஓ.சி. விண்ணப்பம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிரப்பி, கட்டணம் கட்டி, அச்செடுத்து, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

1. கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கி. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் படிவம் 28இல் வங்கியின் கையெழுத்தும் வேண்டும். வங்கிக் கிளை இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பித்தான் தரும், இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். ஆர்டர் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

2. கடன் அடைந்தும் ஆர்.சி.-யில் எச்.பி. என்ற வங்கிக் கடன் குறிப்பை நீக்காமல் விட்டிருந்தால், இப்போதே நீக்கிவிடுங்கள். என்.ஓ.சி. வாங்கிய பிறகு பழைய ஆர்.டி.ஓ. அந்த வண்டியில் எந்த வேலையும் செய்யாது.

3. நிலுவைச் சலான்கள் எல்லாவற்றையும் கட்டி முடியுங்கள். ஒரு வேகச் சலான் பாக்கி இருந்தாலும் விண்ணப்பம் நகராது.

4. வண்டிமீது திருட்டு வழக்கு இல்லை என்ற சான்றும் சேர வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எஞ்சின் எண், சேசிஸ் எண் கொடுத்தால் இணையத்திலேயே கிடைக்கும்.

5. சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய காகிதம் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழும்பும். நாலைந்து அச்சு எடுத்து வையுங்கள். மறுபதிவின்போதும் கேட்பார்கள், அங்கே வண்டியைத் தூக்கி மறுபடி தேய்ப்பது அலைச்சல்.

6. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, மூவ்மென்ட் ஆர்டர் நகலோடு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 48இன்படி என்.ஓ.சி.-யை 30 நாளுக்குள் தர வேண்டும், மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். 30 நாளில் பதிலே இல்லை என்றால் தந்ததாகவே கொள்ளப்படும். சட்டம் அப்படிச் சொன்னாலும், கணினியில் என்.ஓ.சி. ஏறாமல் புதிய ஊரின் ஆர்.டி.ஓ. எதையும் தொட மாட்டார். ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்பதுதான் நடக்கும் வழி.

எப்போது விண்ணப்பிப்பது என்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. என்.ஓ.சி. ஒரு குறிப்பிட்ட ஆர்.டி.ஓ. பெயருக்குத்தான் தரப்படும். ஆர்டர் வந்த கையோடு ஜோத்பூருக்கு என்று வாங்கிவிட்டு, பிறகு ஆர்டர் பாட்மேருக்கு மாறினாலோ ரத்தானாலோ வண்டி ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கும். பழைய அலுவலகம் தொடாது, புதிய அலுவலகத்துக்கும் போக முடியாது. என்.ஓ.சி.-யை ரத்து செய்யத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். ஆகவே சலான்களையும் வங்கிக் கடிதத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு உறுதியானதும் படிவம் 28 கொடுங்கள். சட்டம் தரும் 12 மாத அவகாசம் இதற்குத்தான்.

எப்படி அனுப்புவது?

நான்கு வழி இருக்கிறது: நாமே ஓட்டிப் போவது, ஓட்டுநர் வைத்து அனுப்புவது, கார் ஏற்றும் டிரெய்லரில் அனுப்புவது, வீட்டுச் சாமான் போகும் லாரியிலேயே காரையும் ஏற்றுவது.

ஓட்டிப் போவதைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நல்ல நிலையில் உள்ள வண்டி, மாறி மாறி ஓட்ட இரண்டு பேர் என்றால் இது நல்ல வழி. சென்னையிலிருந்து பதான்கோட் சுமார் 2,650 கிலோமீட்டர். செகந்திராபாத், நாக்பூரை ஒட்டிய காம்ப்டி, ஜான்சி, டெல்லி என்று இரவு தங்கலை வைத்தால் ஐந்து பகலில் முடியும். தங்கும் நான்கு ஊரிலும் கண்டோன்மென்ட் இருக்கிறது. யூனிட் மூலம் முன்கூட்டியே தகவல் (சிக்னல்) அனுப்பினால் டிரான்சிட் கேம்ப்பிலோ மெஸ்ஸிலோ அறை கிடைக்க வாய்ப்புண்டு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 177 லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 17,700 ரூபாய். டோலும் சாப்பாடும் தனி. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் மட்டும் வேண்டாம். ஆக்ராவுக்கு வடக்கே மூடுபனியில் முன்னால் போகும் லாரி பத்தடி தூரத்தில்தான் தெரியும்.

தெரியாத ஓட்டுநரிடம் 2,000 கிலோமீட்டருக்குச் சாவி கொடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. வழியில் விபத்து நடந்தால் வழக்கு உங்கள் வண்டி எண்ணில்தான் பதிவாகும்.

டிரெய்லர் என்பது ஆறேழு வண்டியை இரண்டு அடுக்கில் ஏற்றும் மூடிய வாகனம். வீட்டு வாசலுக்கு வராது. நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து காரை ஓட்டி ஊருக்கு வெளியே உள்ள யார்டில் சேர்ப்பார், அங்கே மற்ற கார்கள் நிரம்பும் வரை நிற்கும். "ஏழு நாள்" என்று சொன்ன பயணம் பதினைந்து நாள் ஆவது பெரும்பாலும் சாலையில் இல்லை, இந்தக் காத்திருப்பில்தான். வடகிழக்குக்கு என்றால் பெரும்பாலான டிரெய்லர்கள் குவாஹாத்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து தேஜ்பூர் சுமார் 180 கிலோமீட்டர், அதை நீங்களே போய் ஓட்டி வர வேண்டியிருக்கும். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் என்றால் உள்ளே வரும் தனியார் ஓட்டுநருக்கு இன்னர் லைன் பெர்மிட் (அந்த மாநிலத்துக்குள் நுழையும் அனுமதி) வேண்டும், அதை யார் எடுப்பது என்று புக் செய்யும்போதே பேசிவிடுங்கள்.

வீட்டுச் சாமானோடு ஒரே லாரி என்பது படையினரிடையே பழகிய முறை. அளவு தெரிந்து பேசினால் மலிவும்கூட. சின்னக் கார் ஒன்றின் நீளம் 12 முதல் 13 அடி. 22 அடி லாரியில் காருக்குப் போக மிஞ்சுவது 9 அடி, இரண்டு படுக்கையறை வீட்டின் பெட்டிகள் கூரை வரை அடுக்கினால் அதற்குள் அடங்கும். 19 அடி லாரியில் மிஞ்சுவது 6 அடிதான், டிரங்குப் பெட்டிகளும் ஃபிரிட்ஜும் போனாலே முடிந்தது. "19 அடியே போதும் சார்" என்று சொல்லும் ஏஜென்ட், ஏற்றும் நாளில் சோபாவைக் காரின் பானட் மேல்தான் வைப்பார். சாமான் முன்னால், கார் பின்னால், நடுவே தடித்த பிளைவுட் தடுப்பு. தடுப்பு கயிற்றால் கட்டியதாக இல்லாமல் லாரியின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். திடீர் பிரேக்கில் காரின் ஒரு டன் எடையும் சாமான் மேல்தான் சாயும்.

காரை மேலே ஏற்ற வெறும் பலகை போதாது. மண் மேடு அல்லது சிமென்ட் ராம்ப் வேண்டும். பல யூனிட்களில் வண்டி ஏற்றும் ராம்ப் உண்டு. அனுமதி கேட்டு அங்கே ஏற்றினால் பம்பர் உரசாது. போய்ச் சேரும் இடத்திலும் ராம்ப் இருக்கிறதா என்று அந்த யூனிட்டில் கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் இறக்க வழியில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இருசக்கர வண்டிக்கு ரயில் பார்சல்தான் எளிது. டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாமல், சணல் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டி, ஆர்.சி. நகலோடு பார்சல் அலுவலகத்தில் கொடுத்தால் முடிந்தது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

விலை மூன்று இடத்தில் கேளுங்கள். மற்ற இரண்டைவிட மிகக் குறைவாக ஒருவர் சொன்னால் அவரைத் தவிர்த்துவிடுங்கள். காரை ஏற்றிக்கொண்டு போன பிறகு "என்ட்ரி டாக்ஸ்", "யூனியன் கூலி" என்று பாதி வழியில் பணம் கேட்டு நிறுத்துவது இப்படிப்பட்ட இடங்களில்தான். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், மீதி காரைப் பார்த்துச் சோதித்த பிறகு.

சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007இன் கீழ் சரக்கு எடுத்துச் செல்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் லாரி ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். இதே சட்டத்தில் இரண்டு விஷயம் உங்களுக்கு மிக முக்கியம். காரின் மதிப்பை ரசீதில் எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு நீங்கள் கட்டிய கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 20,000 ரூபாய் கட்டணம் என்றால் இரண்டு லட்சம். எட்டு லட்ச ரூபாய்க் கார் கவிழ்ந்து நசுங்கினாலும் அவ்வளவுதான். ஆகவே இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. (வண்டியின் காப்பீட்டு மதிப்பு) தொகையை மதிப்பாக ரசீதில் எழுத வையுங்கள். அடுத்தது, இழப்பு அல்லது சேதம் பற்றிய எழுத்து மூல நோட்டீஸ், புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று அவர்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு தகவல், பலருக்கும் தெரியாது. உங்களிடம் இருக்கும் முழுப் பாதுகாப்புக் கார் பாலிசி, வண்டி சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழியில் ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதத்தையும் சேர்த்தே காக்கிறது. பாலிசிப் புத்தகத்தின் முதல் பிரிவில் இருக்கும், படித்துப் பாருங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடையாது. இதில் கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதால், கோடு கீறலுக்கெல்லாம் இதைத் தொடாமல் பெரிய சேதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தரும் டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாக எடுத்தால், உங்கள் பெயரும் கார் எண்ணும் உள்ள சான்றிதழ் கையில் வர வேண்டும். பில்லில் "எஃப்.ஓ.வி." என்றோ "ரிஸ்க் சார்ஜ்" என்றோ ஒரு வரி இருப்பது இன்சூரன்ஸ் ஆகாது.

இ-வே பில் (சரக்கு எடுத்துச் செல்ல ஜி.எஸ்.டி.-யில் கேட்கும் மின்னணுச் சீட்டு) கேட்டு மிரட்டினால் அசர வேண்டாம். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுப் பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு. "சொந்தப் பயன்பாட்டு வண்டி, விற்பனைக்கு இல்லை" என்று கையெழுத்திட்ட ஒரு தாளும் மூவ்மென்ட் ஆர்டர் நகலும் போதும்.

இதைத் தயவுசெய்து கவனியுங்கள்: அடையாள அட்டையின் படத்தையோ கேன்டீன் கார்டின் படத்தையோ வாட்ஸ்அப்பில் எந்த ஏஜென்டுக்கும் அனுப்பாதீர்கள். "நான் ஆர்மி, போஸ்டிங் வந்துவிட்டது, காரை அவசரமாக விற்கிறேன்" என்று இணையத்தில் ஏமாற்றும் கும்பல்களுக்கு வேண்டியது இந்தப் படங்கள்தான். காருக்கு ஆர்.சி. நகல் போதும். அதன் மேலும் "இந்தப் போக்குவரத்துக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஆர்டரின் நகலில் யூனிட் பெயர், இடம் எதை மறைக்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

காரைத் தயார் செய்வது

நன்றாகக் கழுவுங்கள். அழுக்கு வண்டியில் இருக்கும் கீறல் புகைப்படத்தில் தெரியாது, பிறகு "ஏற்கெனவே இருந்தது" என்பார்கள். டேங்கில் கால் பாகத்துக்குள் எரிபொருள் இருக்கட்டும். யார்டில் ஏற்றி இறக்க அது போதும், அதிகம் இருந்தால் எடையும் ஆபத்தும் கூடும்.

காருக்குள் எந்தச் சாமானும் வைக்காதீர்கள். நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. அதிலும் கேன்டீன் மதுப்புட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. ஜாம்நகருக்கோ தானாபூருக்கோ போகும் வண்டியின் டிக்கியில் ஒரு ரம் பாட்டில் இருந்தாலும் வண்டியே பறிமுதல் ஆகலாம், பில் காட்டினாலும் அது வாங்கிய மாநிலத்துக்குத்தான்.

ஃபாஸ்டேக் மீது அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். திறந்த லாரியில் போகும் கார் டோலைக் கடக்கும்போது ரீடர் உங்கள் டேகையும் படித்துப் பணம் எடுத்துவிடலாம். ஸ்பேர் சாவி, ஒரிஜினல் ஆர்.சி., ஸ்டீரியோவின் கழற்றும் முகப்பு எல்லாம் உங்கள் பையில்.

சாமான் லாரியில் போகும் கார் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம், பெரும்பாலான கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். டிரெய்லரில் போகும் காரில் இதைச் செய்யாதீர்கள். யார்டில் நகர்த்த வேண்டியிருக்கும், தெரியாதவர்கள் தப்பாகப் பூட்டுவார்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தினால், மழைக்காலத்தில் இரண்டு வாரத்தில் பின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, பட்டையைச் சக்கரத்தின் மேல் சுற்றி இறுக்கச் சொல்லுங்கள். பம்பரிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ கொக்கி மாட்டினால் விடாதீர்கள்.

குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நம் ஊரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம். அதே வண்டி ஜனவரியில் ஸ்ரீநகர் போனால், இரவில் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கிலேயே விரிசல் விழும். கிளம்பும் முன்பே முழுவதும் வடித்து, கூலன்டும் வடிகட்டிய நீரும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். கண்ணாடி துடைக்கும் தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்யுங்கள். மூன்று வயது தாண்டிய பேட்டரி அந்தக் குளிரில் படுத்துவிடும், இங்கேயே மாற்றிவிடுவது நல்லது. லே என்றால் குளிர்காலத்தில் ஜோஜி லா வழியும் மணாலி வழியும் மூடிவிடும். மே மாதத்துக்கு முன் கார் அனுப்பும் பேச்சே வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளும் வாங்கும் நாளும்

கண்டோன்மென்ட் கேட்டுக்குள் லாரிக்குப் பாஸ் வேண்டும். முதல் நாளே வண்டி எண், ஓட்டுநர் பெயர் கொடுத்து வாங்குங்கள், இல்லையெனில் கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் அவசர அவசரமாக ஒப்படைக்க வேண்டிவரும்.

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். நான்கு பக்கம், நான்கு மூலை, கூரை, நான்கு சக்கர ரிம், முன் கண்ணாடி, உள்ளே இருக்கைகள், ஓடோமீட்டர் எண், எரிபொருள் முள், டூல்கிட், ஸ்டெப்னி. பிறகு இடைவிடாத ஒரு வீடியோ. இருக்கும் ஒவ்வொரு கீறலையும் நிறுவனத்தின் ஆய்வுத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓடோமீட்டர் படம் முக்கியம். யார்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம், 300 ஓடியிருந்தால் யாரோ உங்கள் காரில் ஊர் சுற்றியிருக்கிறார்கள்.

வாங்கும்போது இரவில் கொண்டுவந்து "கையெழுத்துப் போடுங்க, அடுத்த டெலிவரிக்குப் போகணும்" என்பார்கள். டார்ச் வைத்தாவது முழுதும் பார்த்த பிறகே கையெழுத்து. சேதம் இருந்தால் டெலிவரித் தாளிலேயே எழுதி, அதன் படத்தை எடுத்து, அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்திட்ட தாளுக்குப் பிறகு பேசுவது வீண். இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றால் சர்வேயர் பார்க்கும் வரை காரை ஒர்க்‌ஷாப்பில் கழற்ற விடக் கூடாது.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் வாரம், யூனிட்டில் வண்டி ஸ்டிக்கர். முதல் மாதம், இன்சூரன்ஸில் முகவரி மாற்றம். சென்னை, டெல்லி, மும்பை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்றவை பி மண்டலம், பிரீமியத்தில் சிறு வித்தியாசம் வரும். ஓட்டுநர் உரிமம் நாடு முழுதும் செல்லும், அதைத் தொட வேண்டாம்.

என்.ஓ.சி. வழியில் போனவர்கள் படிவம் 27 கொடுத்துப் புது எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் முகவரிச் சான்றாகும். வண்டியைக் காட்ட வேண்டும், அங்குள்ள வரி, வண்டியின் வயதுக்கேற்பக் கழித்துக் கட்ட வேண்டும், புது எண்ணுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் பொருத்த வேண்டும். புது ஆர்.சி. வந்ததும் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியின் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பழைய ஆர்.டி.ஓ.-வுக்கு விண்ணப்பம், பழைய ஆர்.சி., என்.ஓ.சி., புது ஆர்.சி., புது வரி ரசீது ஆகியவற்றின் நகல்கள், வங்கிக் கணக்கு விவரம். மாதக்கணக்கில் ஆகும், லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் போய்க் கேட்டால்தான் நகரும். பலரும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், அது உங்கள் பணம்.

கடைசியாகப் பயணப்படி (டி.ஏ.) கிளெய்ம். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில், சம்பள நிலை லெவல் 6 முதல், அதாவது நாயப் சுபேதார், கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசர், விமானப்படையில் ஜூனியர் வாரன்ட் ஆபீசர் தொடங்கி மேலுள்ளவர்களுக்கு ஒரு கார் அல்லது ஒரு இருசக்கர வண்டி அனுப்பும் செலவு கிடைக்கும். லெவல் 5 ஹவில்தாருக்கும் அதற்குக் கீழும் இருசக்கர வண்டி மட்டும். சாமானுக்கு லெவல் 6 முதல் 6,000 கிலோ, லெவல் 5க்கு 3,000, லெவல் 4க்கும் கீழும் 1,500. சாலைவழிக்கு கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் என்று 2017இல் வைத்தார்கள், அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இது 25 சதவீதம் உயரும். இதற்கு மேல் இடமாற்ற மானியமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம், அந்தமான், லட்சத்தீவு என்றால் 100 சதவீதம்.

காருக்கும் சாமானுக்கும் ஒரே ரசீது வாங்காதீர்கள். காருக்குத் தனி லாரி ரசீது, தனி பில், பணம் வங்கி வழியாகப் போனதற்கான சான்று. கார் எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், இரண்டு தேதி, இவை பில்லில் இல்லை என்றால் கிளெய்ம் கேள்விக்குறியோடு திரும்பி வரும். கார் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ இருப்பதற்கு ஆர்.சி. நகலை இணையுங்கள். உச்சவரம்பு எவ்வளவு என்று லாரி பேசுவதற்கு முன்பே ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டுவிட்டு, பயணம் முடிந்த 60 நாளுக்குள் கிளெய்மைக் கொடுத்து டைரி எண் வாங்கிக்கொள்ளுங்கள்.